காரைக்குடியிலேயே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாமா, மதுரைக்குப் போவது நல்லதா?

முகப்புத்தூண் எழுதியது:

இந்தக் கேள்வியை நம் பக்கத்து ஆட்களிடம் கேட்டால்தான் பொருத்தமான பதில் கிடைக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன். சென்னை நண்பர்களிடம் கேட்டால், "அருகில் இருக்கும் மையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். காரைக்குடியில் ஒருவரைப் பார்த்தவுடன் கேட்கப்படும் முதல் கேள்வியே "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான் என்பது அவர்களுக்குத் தெரியாது. சீட்டுப் பதிவு செய்பவர், ரத்தம் எடுப்பவர், வாசலில் தேநீர் விற்பவர் என்று எவராவது ஒருவருக்கு என் அப்பச்சியைத் தெரிந்திருக்கும்.

நான் ஆண்களிடம் ஈர்ப்புக் கொண்டவன். சென்னையில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரும்போதும் செயலி வழியாக அறிமுகமானவர்களைச் சந்திப்பதுண்டு. பெரும்பாலும் ஆணுறை உண்டு, எப்போதும் என்று சொல்ல முடியாது. இதுவரை பரிசோதனை செய்துகொண்டதில்லை. இப்போது இரண்டு காரணங்களால் அது தள்ளிப்போட முடியாததாகிவிட்டது: வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், சிங்கப்பூரில் ஒரு வேலைக்கான பேச்சும் நடக்கிறது. ஊரிலேயே பார்த்துக்கொள்வதா, வெளியூர் போவதா, உறவு நடந்து எவ்வளவு காலம் கழித்துப் பார்த்தால் முடிவை நம்பலாம், அந்த முடிவு என் வீட்டுக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டா என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மானகிரிக்காரன் எழுதியது:

தம்பி, யோசிக்கவே வேண்டாம், மதுரைக்குப் போய்விடுங்கள். 80, 90 கிலோமீட்டர்தான். காலையில் மேலூர் வழியாகப் பேருந்து ஏறினால் மாலையில் வீட்டில் இருக்கலாம். நம் ஊர் அரசு மருத்துவமனையில் அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பதே ஊருக்கு அறிவிப்புக் கொடுப்பதற்குச் சமம். சட்டம் ஆயிரம் சொல்லலாம், ஆனால் கோயில் திருவிழாவில் நாலு பேர் கூடும் இடத்தில் வாய்விட்டுப் பேசுபவர்களைச் சட்டம் தடுக்காது. நான் எப்போதும் மதுரையில்தான் பார்த்துக்கொள்கிறேன், நிம்மதியாக இருக்கிறேன்.

கொன்றைப்பூ எழுதியது:

தென்மாவட்டம் ஒன்றில் நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை மற்றும் பரிசோதனை மையத்தில், ஆலோசகராகப் பணியாற்றியவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மானகிரி அண்ணன் சொல்லும் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாராவது கவனித்ததுண்டா? பெரும்பாலும் கர்ப்பிணிப் பெண்களும் அவர்களுடன் வந்த மாமியார்களும்தான், ஏனென்றால் கர்ப்ப காலத்தில் எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. அடுத்ததாகக் காசநோய்ப் பிரிவிலிருந்து அனுப்பப்படுபவர்கள், பிறகு மருத்துவர்கள் வேறு வேறு காரணங்களுக்காக எழுதிக் கொடுத்து வருபவர்கள். ஓர் இளைஞன் அங்கே உட்கார்ந்திருப்பதை வைத்து அவன் யாருடன் உறவு கொள்பவன் என்று எவரும் கணக்கிட முடியாது. நம் மனத்தில் இருக்கும் ரகசியம் நெற்றியில் எழுதியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது இது. முதலில் ஆலோசகர் தனியாகப் பேசுவார். உங்கள் சம்மதத்தைப் பெற்ற பிறகே ரத்தம் எடுப்பார்கள். முதல் விரைவுப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் அத்துடன் முடிந்தது. அதில் ஏதேனும் தெரிந்தால், வேறு வகைக் கருவிகளைக் கொண்டு மேலும் இரண்டு பரிசோதனைகள் செய்து, அவையும் ஒத்துப்போனால் மட்டுமே தொற்று உறுதி என்று சொல்வார்கள். ஆகவே ஒரே ஒரு கருவியில் வந்த கோட்டைப் பார்த்து, அது தனியார் ஆய்வகமாக இருந்தாலும் சரி, இணையத்தில் வாங்கியதாக இருந்தாலும் சரி, உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது. முடிவு உங்கள் கையில்தான் கொடுக்கப்படும். இவை அனைத்தும் இலவசம்.

காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொற்று உடலுக்குள் வந்த உடனேயே பரிசோதனையில் தெரிந்துவிடாது; இந்த இடைவெளியைச் சாளரக் காலம் என்கிறோம். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விரைவுப் பரிசோதனையில் தொற்று தெரிவதற்கு 23 முதல் 90 நாட்கள் வரை ஆகலாம். எதிர்ப்பொருளுடன் வைரஸின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் ஆய்வகப் பரிசோதனையில், அதாவது நான்காம் தலைமுறைப் பரிசோதனை என்று சொல்லப்படுவதில், 18 முதல் 45 நாட்களுக்குள் தெரிந்துவிடும். எனவே கடைசியாகப் பாதுகாப்பின்றி உறவு கொண்ட நாளிலிருந்து கணக்கிட்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கும் முடிவைத்தான் முழுமையாக நம்பலாம். ஆனால் அதற்காக மூன்று மாதம் சும்மா காத்திருக்க வேண்டாம். இப்போது ஒருமுறையும் அப்போது ஒருமுறையும் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றி மானகிரி அண்ணன் அலட்சியமாகச் சொன்னாலும், 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உங்கள் சம்மதமின்றிப் பரிசோதனை செய்வதும், உங்கள் முடிவைப் பிறரிடம் வெளியிடுவதும் தடை செய்யப்பட்டவை. ஊர்வாயை அது மூடாது என்பது உண்மைதான். ஆனால் மருத்துவமனை ஊழியரின் வாயைப் பொறுத்தவரை அது பயனுள்ள சட்டம். புகார் எழுதுவேன் என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் தொனி மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

மதுரைக்குப் போவதில் தவறில்லை. எனக்கு இருக்கும் ஆட்சேபம் ஒன்றுதான்: வெளியூருக்குத்தான் போவேன் என்று முடிவு செய்தவர்களில் பலர் கடைசியில் எங்குமே போவதில்லை. விடுப்பு கிடைக்கவில்லை, வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று தெரியவில்லை, மழை பெய்தது என்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

முகப்புத்தூண் எழுதியது:

மிக்க நன்றி அக்கா. ரத்த தானத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். கல்லூரியில் படித்தபோது முகாம்களில் ரத்தம் கொடுத்திருக்கிறேன், யாரும் எதுவும் சொல்லி அழைக்கவில்லை. அதை ஒரு பரிசோதனையாக எடுத்துக்கொள்ளலாமா?

கொன்றைப்பூ எழுதியது:

எடுத்துக்கொள்ளக் கூடாது. தானமாகப் பெறும் ரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிப்பது உண்மைதான், ஆனால் அது ரத்தம் பெறப்போகிறவரைக் காப்பதற்கான ஏற்பாடு. கொடுத்தவரைத் தேடிப் பிடித்துத் தகவல் சொல்வது எல்லா இடங்களிலும் ஒழுங்காக நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. சாளரக் காலத்தில் கொடுக்கப்பட்ட ரத்தம் சோதனையைத் தாண்டிச் சென்றுவிடக்கூடிய ஆபத்தும் இருக்கிறது. ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களும் திருநர்களும் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. நடத்தையைப் பார்க்காமல் அடையாளத்தைப் பார்த்து ஒதுக்குகிறது என்று அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. வழிகாட்டுதல் நியாயமா என்பது தனி விவாதம். உங்கள் நிலையை அறிந்துகொள்ள ரத்த தான முகாம் வழியல்ல என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

செக்காலை எழுதியது:

எல்லாரும் சேர்ந்து அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. சென்னையில் முன்பின் தெரியாதவர்களைச் செயலியில் பார்த்துச் சந்திப்பவர்களுக்கு இந்தக் கவலை நியாயமானது. நம் ஊரில் நிலைமை வேறு. எங்கள் வட்டத்தில் ஒன்பது பேர் இருக்கிறோம். ஒருவருக்கொருவர் பல ஆண்டுகளாகத் தெரியும், குடும்பம் தெரியும், பழக்கவழக்கம் தெரியும். வெளி ஆட்களைச் சேர்ப்பதில்லை. இதில் நோய் எங்கிருந்து வரும்? தெரிந்தவர்களோடு மட்டும் பழகுவதே பெரிய பாதுகாப்பு என்பது என் கருத்து.

கல்லுக்கட்டி எழுதியது:

செக்காலை நண்பருக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. அந்த ஒன்பது பேரில் எத்தனை பேருக்குத் திருமணமாகியிருக்கிறது? எத்தனை பேர் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு பண்டிகைக்கு மட்டும் பல்லவன் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள்? குவைத்திலோ மலேசியாவிலோ இருந்து விடுமுறைக்கு வந்தவர் ஒருவராவது உண்டா? ஊரில் இருக்கும்போது ஒன்பது பேராக இருப்பவர்கள் ஊரை விட்டு வெளியே போனபின் எத்தனை பேராக விரிகிறார்கள் என்பது அவர்கள் ஒவ்வொருவருக்கும் மட்டுமே தெரியும். வளவுக்குள் எல்லாரும் குடிப்பது ஒரே கிணற்றுத் தண்ணீர் என்றால், அதில் ஏதாவது கலந்துவிட்டால் ஒருவர்கூடத் தப்ப மாட்டார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். சிறிய வட்டத்தில் தொற்று நுழைவதற்கு நாளாகலாம், நுழைந்தபின் பரவ அதிக நாளாகாது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸின் அளவு மிக அதிகமாக இருக்கும் என்பது. பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு அப்போதுதான் மிகுதி, அதே காலத்தில்தான் பரிசோதனையும் தொற்று இல்லை என்று சொல்லக்கூடும். காய்ச்சல், தொண்டை வலி என்று நாலு நாள் வந்து போகும், பலருக்கு அதுவும் இராது. குடும்பம் தெரியும், பழக்கம் தெரியும் என்பதெல்லாம் இதைக் கண்டுபிடிக்க உதவாது.

பொத்தாம்பொதுவாகப் பேச வேண்டாம் என்பதற்காகச் சில எண்களையும் தருகிறேன். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2017ஆம் ஆண்டுக் கண்காணிப்பில், ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களிடையே தொற்று 2.69 விழுக்காடாகவும், திருநங்கையரிடையே 3.14 விழுக்காடாகவும் இருந்தது. அதே ஆண்டில் நாட்டின் வயதுவந்தோர் அனைவரையும் சேர்த்த மதிப்பீடு 0.22 விழுக்காடு. இந்த இடைவெளிக்கு ஒழுக்கம் காரணமல்ல, உடலின் அமைப்பு பெரிய காரணம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் மதிப்பீட்டின்படி, தொற்றுள்ள, சிகிச்சையில் இல்லாத ஒருவருடன் ஆணுறையின்றிக் கொள்ளும் குதவழி உறவில், உள்வாங்குபவராக இருப்பவருக்கு 10,000 முறைக்கு 138 முறை தொற்று ஏற்படலாம். செலுத்துபவராக இருப்பவருக்கு 11. பெண்குறி வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. குதத்தின் உட்சவ்வு மிக மெல்லியது, எளிதில் கிழியும் என்பதே இதற்குக் காரணம். நம் வட்டாரத்தில் பந்தியாக, அதாவது செலுத்துபவராக, இருப்பவர்கள் தங்களுக்கு எதுவுமே வராது என்றும், வந்தால் கோத்திகளால், அதாவது உள்வாங்குபவர்களால்தான் வரும் என்றும் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 11 என்பது பூஜ்யமல்ல. அதே நபர் வீட்டில் மனைவியுடனும் இருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது.

சந்தனமுல்லை எழுதியது:

திருநங்கையாக எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் ஆளுக்கு ஆள் தெரியாமல் போய்வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. நான் எந்த மருத்துவமனை வாசலில் நுழைந்தாலும் அங்கே இருக்கும் நூறு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், அது காரைக்குடியானாலும் மதுரையானாலும் ஒன்றுதான். ஒரு மருத்துவமனையில் நான் பல்வலிக்காகச் சென்றிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமலேயே, "முதலில் அந்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டு வா" என்று அனுப்பினார்கள். கொன்றைப்பூ சொல்லும் சம்மதம் என்ற சொல்லை நான் அங்கே கேட்கவில்லை. எங்களில் பலர் பரிசோதனைக்கே போகாமல் இருப்பதற்கு நோயைப் பற்றிய பயத்தைவிட இப்படிப்பட்ட வரவேற்பே காரணம்.

ஆனாலும் நான் தவறாமல் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ஜமாத்தில், அதாவது திருநங்கையர் குழுவில், மூத்தவர்கள் அதை வலியுறுத்துவார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போவார். சித்திரையில் கூவாகம் போகும்போதும் அங்கே முகாம் போட்டிருப்பார்கள். எங்களுக்குள்ளேயே களப்பணியாளராக இருக்கும் ஒருவருடன் போனால் மரியாதை கிடைக்கிறது, தனியாகப் போனால் கிடைப்பதில்லை. வருத்தமான விஷயம்தான், ஆனால் உண்மை அதுவாக இருக்கிறது. ஆண் பிள்ளைகளாகத் தெரியும் தம்பிகளும் அந்தக் களப்பணியாளர்களைத் தயங்காமல் கேட்கலாம். இலக்கு மக்கள் திட்டம் என்று நடக்கும் தொண்டு நிறுவனங்களில் ஆணுறையும் மசகு ஜெல்லும் சேர்த்தே கொடுப்பார்கள்.

அந்த ஜெல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேங்காய் எண்ணெயை எடுத்துத் தடவிக்கொண்டு ஆணுறையையும் போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருந்ததாகச் சொல்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை சில நிமிடங்களிலேயே வலுவிழந்து கிழிந்துவிடலாம். வாசலினும் அதே கதைதான். நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லை மட்டும் பயன்படுத்துங்கள்.

பழைய பாதை எழுதியது:

சந்தனமுல்லை சொன்னதற்குப் பிறகு நான் எழுதத் தயங்கினேன், ஆனாலும் வயதில் மூத்தவன் என்பதால் ஒரு பழைய கதையைப் பதிவு செய்கிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான், 1986இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துச்சென்று சோதித்தார்கள். அந்த மாதிரிகள் பாலியல் தொழில் செய்த பெண்களுடையவை. அதன் பிறகு வந்த விளம்பரங்கள் பெரும்பாலும் அந்தப் பெண்களையும் அவர்களிடம் போகும் ஆண்களையும் பற்றியே பேசின. "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தது இளையவர்களுக்கு நினைவிருக்காது. அதைப் படித்துவிட்டு, நாம் பெண்களிடம் போவதில்லையே, நமக்கு எப்படி வரும் என்று உண்மையாகவே நம்பிய நண்பர்கள் எனக்கு இருந்தார்கள்.

அவர்களில் சிலர் இன்று இல்லை. ஒருவர் தேவகோட்டைக்காரர், வீட்டில் காசநோய் என்று சொல்லி அடக்கம் செய்தார்கள். அவர் இறந்தபோது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வெளியில் கிடைத்தது, விலை கொடுத்து வாங்க அவரால் முடியவில்லை. அரசு அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். நாட்டில் தொடங்கிய முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. இன்று தொற்று உறுதியான எவருக்கும், ரத்த அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திருக்காமல், உடனே சிகிச்சை தொடங்கப்படுகிறது. பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. இந்த நிலையிலும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

மானகிரிக்காரன் எழுதியது:

ஐயாவின் கோபம் புரிகிறது. ஆனால் அவர் காலத்தில் இழப்பதற்கு உயிர் இருந்தது என்றால், இப்போதும் இழப்பதற்குப் பல இருக்கின்றன. நம் பக்கத்தில் ஓர் ஆணுக்குக் கல்யாணம் நின்றுபோனால் அது அவனோடு நிற்காது, தங்கைக்கு வரன் வராது, தகப்பனார் கோயில் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிடுவார். மதுரை போவதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடாதீர்கள்.

கொன்றைப்பூ எழுதியது:

யாரும் அப்படிச் சொல்லவில்லை, அண்ணே. நீங்கள் போகிறீர்கள், தவறாமல் போகிறீர்கள். உங்களுக்கு அது சரியாக வருகிறது. ஆனால் தொலைவு உண்மையிலேயே கெடுதல் செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது வற்புறுத்தப்பட்டீர்கள் என்று வையுங்கள். அதற்குப் பின் எடுக்கும் தடுப்பு மருந்தை, பெப் என்பார்கள், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி கடந்தால் பயனில்லை. சனிக்கிழமை இரவு நடந்ததைப் பற்றி அடுத்த வாரம் மதுரைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தால் கதவு மூடிவிடும். அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து முதன்மையாக ஊசி குத்துப்பட்ட ஊழியர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் என வைக்கப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிச் சீட்டு வாங்கி வெளியில் வாங்க வேண்டிவரலாம். இப்படிப் பேசுவதற்கு ஒரு மருத்துவரை உள்ளூரில் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அடிக்கடி இப்படி நேருகிறது என்பவர்களுக்குப் பிரெப் என்ற இன்னொரு வழி இருக்கிறது. தொற்று இல்லாதவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மாத்திரை அது, டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் சேர்ந்தது. தினமும் எடுக்கலாம். ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்கள், உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பாக இரண்டு மாத்திரை, பிறகு அந்த முதல் இரண்டு மாத்திரையை எடுத்த நேரத்திலிருந்து 24 மணியில் ஒன்று, 48 மணியில் ஒன்று என்றும் எடுக்கலாம். தொடங்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்பதையும் சிறுநீரகம், மஞ்சள் காமாலை பி ஆகியவற்றின் நிலையையும் பார்த்தாக வேண்டும், எனவே மருத்துவர் இல்லாமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். சிபிலிஸ் போன்றவற்றை இது தடுக்காது. சிபிலிஸ் புண் இருந்தால் எச்.ஐ.வி. எளிதில் தொற்றும், அதைப் பென்சிலின் ஊசியால் குணப்படுத்திவிடலாம். நம்பிக்கை மையத்துக்குப் போகும் அன்றே, பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்தையும் பார்த்துவிட்டு வந்தால் இரண்டு வேலையும் முடியும்.

முகப்புத்தூண் கேட்ட சிங்கப்பூர் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே பணி அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் அடங்கும், வளைகுடா நாடுகளும் அப்படித்தான். முகவர் சொல்லும் ஆய்வகத்தில் போய்த்தான் முதன்முதலாக உங்கள் நிலையைத் தெரிந்துகொள்வேன் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே ஆலோசனை என்று எதுவும் இருக்காது, முடிவு உங்களுக்கு முன் முகவருக்குப் போய்விடும் அபாயமும் உண்டு. விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே நீங்களாக நம்பிக்கை மையத்தில் பார்த்துவிடுங்கள்.

ஆறாங்கட்டு ஆச்சி எழுதியது:

இந்த இழையை என் தம்பி அனுப்பிவைத்தான். அவன் யார் என்பது வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்ற ஒரு வரியை மட்டும் எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். பேசி முடிக்கப்போகும் அந்தப் பெண்ணும் யாரோ ஒருவருக்கு அக்காவோ தங்கையோதான். ஜாதகம் பார்க்கிறோம், சீர்வரிசைக் கணக்குப் பார்க்கிறோம். பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்துவிட்டால் மட்டும் அவளுக்குச் செய்யும் அநியாயம் தீர்ந்துவிடுமா? முகப்புத்தூண் தம்பி திருமணத்துக்குச் சம்மதிக்கப் போகிறாரா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

முகப்புத்தூண் எழுதியது:

ஆச்சி, சம்மதிக்கப்போவதில்லை. எப்படிச் சொல்வது என்பதுதான் இன்னும் தெரியவில்லை. சிங்கப்பூர் போய்விட்டால் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடலாம் என்று நினைத்தேன்.

கொன்றைப்பூ எழுதியது:

ஆச்சி கேட்டது சரியான கேள்வி. பரிசோதனைத் தாளை வைத்துத் திருமண முடிவை எடுக்க முடியாது. ஏற்கனவே திருமணமானவர்களும் இதைப் படிப்பதால் இன்னும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தொற்று இருப்பது தெரிந்தால் மனைவிக்கு உடனே தெரிந்துவிடுமா என்று அஞ்சுபவர்கள் பலர். மருத்துவரோ ஆலோசகரோ முதலில் உங்களையே சொல்லச் சொல்லி உதவுவார்கள். துணைவருக்குப் பெரும் ஆபத்து இருக்கிறது, நீங்களும் சொல்லப்போவதில்லை என்று அவர்கள் நியாயமாக நம்பும் நிலையில், ஆலோசனை தந்து, முன்கூட்டி உங்களுக்கு அறிவித்தபின் துணைவரிடம் நேரில் தெரிவிக்க அந்த 2017 சட்டமே இடம் தருகிறது. துணைவரைத் தவிர அப்பச்சியிடமோ அண்ணனிடமோ சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எதனால் தொற்றியது, ஆணா பெண்ணா என்பதையும் அவர்கள் சொல்லப்போவதில்லை.

சிகிச்சையில் இருந்து, ரத்தத்தில் வைரஸின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிரதிகளுக்கும் கீழே நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் எவருக்கும் தொற்றுவதில்லை. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் இணையரை வைத்து நடந்து 2019இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், ஆணுறையின்றி ஏறத்தாழ 76,000 முறை உறவு நடந்தும், துணைவரிடமிருந்து வந்ததாக ஒரு தொற்றுகூட இல்லை. எனவே தொற்றுள்ளவரின் இல்லற வாழ்வு முடிந்துவிட்டது என்ற பேச்சு பழைய காலத்துப் பேச்சு. ஆனால் அந்த நிலையை அடைய மருந்தை விடாமல் எடுக்க வேண்டும். தொலைவில் இருக்கும் மையத்தில் பதிந்துவிட்டு மாதாமாதம் வீட்டில் பொய் சொல்லிக் கிளம்புபவர்கள்தான் இடையில் விட்டுவிடுகிறார்கள். ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், உடல்நிலை நிலையாக இருப்பவர்களுக்குச் சில மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். பேசிப் பார்க்க மட்டும் விரும்புபவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

செக்காலை எழுதியது:

கல்லுக்கட்டி நண்பர் சொன்னதை முழுவதும் ஏற்கவில்லை, ஆனால் யோசித்தேன். ஒரு கேள்வி மட்டும். எங்கள் ஒன்பது பேரில் எல்லாரோடும் பழகுபவர் ஒருவர் இருக்கிறார். அவர் மட்டும் போய்ப் பார்த்து, தொற்று இல்லை என்று வந்தால் மற்றவர்களுக்கும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

கொன்றைப்பூ எழுதியது:

எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் தொற்றிவிடுவதில்லை. கல்லுக்கட்டி கொடுத்த எண்களிலேயே அது தெரிகிறது. உங்களில் ஒருவருக்குத் தொற்று இருந்து, அவரோடு பழகிய அந்த நண்பருக்கு வராமலும், வேறொருவருக்கு வந்தும் இருக்கலாம். அந்த நண்பர் சாளரக் காலத்திலும் இருக்கலாம். ஒன்பது பேரும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும். ஒரே நாளில் போகத் தேவையில்லை, ஒரே மையத்துக்கும் போகத் தேவையில்லை. மையத்துக்கு வரத் தயங்குபவர்கள் இருந்தால், சந்தனமுல்லை சொன்ன களப்பணியாளர்களிடம் கேளுங்கள், அவர்கள் நீங்கள் இருக்கும் இடத்திலேயே முதற்கட்டச் சோதனையைச் செய்துவிடுவார்கள். அதில் எதுவும் தெரிந்தால் மட்டும் உறுதி செய்ய மையத்துக்கு வர வேண்டியிருக்கும்.